கேள்வி நேரம்: ஆருக்கு எந்த நாட்டில மருந்து இலவசம்?

ஆவணி லீவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து போன கையோட வந்த கடிதங்களில கனக்க ஒரே விசயத்தைத்தான் கேக்குது. அண்ணை அங்க சிற்றிசன், இங்க வீடு கட்டிட்டார், வருத்தம் வந்தா எங்க காட்டுறது? அம்மாவை மோள் கூப்பிடுறாள், அங்க விழுந்து கிடந்தா ஆர் காசு கட்டுறது? வன்னியில ஒரு வீட்டில ரெண்டு பேர் வெளியில இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கோணும், அதால இந்தமுறை மற்றக் கேள்வியளைத் தள்ளி வைச்சிட்டு இதை மட்டும் எடுக்கிறன். பேர் போடேல்லை, ஊர் மட்டும் போட்டிருக்கு.

கேள்வி (வட்டக்கச்சி): அக்கா, என்ர அண்ணை 30 வருசமா ரொறன்ரோவில. பென்சன் எடுத்திட்டார். இங்க அம்மான்ர காணியில வீடு கட்டி முடிச்சாச்சு, இனி குளிருக்கு இங்க, வெயிலுக்கு அங்க எண்டு இருக்கப் போறன் எண்டுறார். அவருக்கு இருதயத்தில ஸ்டென்ட் வைச்சிருக்கு. ரெண்டு இடத்திலயும் அவருக்கு மருத்துவம் கிடைக்குமோ?

பதில்: தம்பி, முதல்ல அண்ணைக்கு ஒண்டைத் தெளிவாச் சொல்லுங்கோ. 30 வருசம் வரி கட்டினவர் எண்டதுக்காகவோ கனடாப் பாஸ்போட் வைச்சிருக்கிறார் எண்டதுக்காகவோ அங்க மருத்துவக் காட் குடுக்கிறேல்லை, அந்த மாகாணத்தில இருக்கிறார் எண்டதுக்காகத்தான் குடுக்கினம். ரொறன்ரோ ஒன்ராறியோ மாகாணத்துக்குள்ள வருது, அங்கத்தையக் காட்டுக்குப் பேர் ஓஹிப். அதைக் கையில வைச்சிருக்க ஒன்ராறியோதான் அவரின்ர பிரதான வீடா இருக்கோணும், அதோட எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 153 நாளாவது அந்த மாகாணத்துக்குள்ள நிண்டிருக்கோணும். அப்ப வெளியில நிக்கக்கூடியது 212 நாள். ஐப்பசியில வந்து சித்திரைப் புதுவருசம் முடியத் திரும்பினா கணக்குச் சரி. ஆனா எங்கட ஆக்கள் அப்பிடி நிக்கமாட்டினம், வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் பார்த்திட்டுப் போவம், பிறகு ஆடியில பேத்தின்ர சாமத்தியவீடு வருது அதையும் பார்த்திட்டுப் போவம் எண்டு ரிக்கற்றைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போவினம், அங்கதான் சிக்கல். "எந்த 12 மாதம்" எண்டதைக் கவனிக்கோணும், தையில இருந்து மார்கழி வரைக்கும் எண்டு மட்டும் பார்க்கிறேல்லை. ஒரு வருசக் கடைசியையும் அடுத்த வருசத் தொடக்கத்தையும் சேர்த்துப் பார்த்தா நாள் கூடிப் போயிருக்கும்.

ஒருக்கா நீளமா நிக்கத்தான் போறார் எண்டா அதுக்கும் வழி இருக்கு, வெளிக்கிட முதல் சர்வீஸ் ஒன்ராறியோ எண்ட மாகாண அரசாங்கக் கந்தோரில போய்ச் சொல்லி அனுமதி எடுக்கலாம், ஆனா அதுக்கு முந்தின ரெண்டு வருசமும் அங்க ஒழுங்கா நிண்டிருக்கோணும். சொல்லாமல் கொள்ளாமல் நிண்டிட்டுப் போய் இறங்கிப் பிறகு விளக்கம் சொல்லுறது கஸ்ரம்.

இனி இங்க நிக்கேக்க வருத்தம் வந்தா. வெளிநாட்டில திடீரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தா ஓஹிப் கொஞ்சம் குடுக்கும், ஆஸ்பத்திரியில மறிச்சு வைச்சா பெரிய பராமரிப்புக்கு ஒரு நாளைக்கு ஆகக்கூட 400 கனடா டொலர், சாதாரணத்துக்கு 200, மறிக்காமல் பார்த்து அனுப்பினா 50. அதுவும் எதிர்பாராத அவசர வருத்தத்துக்குத்தான். இங்க கிளினிக் போட்டு மருந்தெடுக்கிறதுக்கு ஒரு சதமும் வராது. கொழும்பில தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் இருதயத்தில திரும்பக் கை வைக்க வேண்டி வந்தா அந்தக் காசு எந்த மூலைக்கும் காணாது, அதால பிரயாண இன்சூரன்ஸ் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கோ, எடுக்கேக்க ஸ்டென்ட் வைச்ச விசயத்தை ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கோ. ஒளிச்சா பிரீமியம் குறையும்தான், ஆனா கிளெயிம் பண்ணேக்க பழைய ரிப்போட்டை எடுத்துப் பார்த்திட்டு ஒரேயடியா இல்லை எண்டிடுவினம்.

அடுத்தது இங்கத்தைய அரசாங்க ஆஸ்பத்திரி. இதைக் கனபேர் யோசிக்கிறேல்லை. இலங்கையில அரசாங்க வைத்தியம் இலவசம் எண்டது இலங்கைப் பிரசைக்கு. கனடாச் சிற்றிசன் எடுத்த அண்டைக்கே சட்டப்படி அண்ணையின்ர இலங்கைப் பிரசாவுரிமை போயிட்டுது, இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிச்சு எடுத்திருந்தா ஒழிய. அலுமாரிக்குள்ள பழைய அடையாள அட்டை கிடக்கிறதால அவர் பிரசை ஆகமாட்டார். கிளிநொச்சி ஆஸ்பத்திரி ஓபிடியில போய் நிண்டா பாஸ்போட்டைக் காட்டு எண்டு ஒருத்தரும் மறிக்கப் போறேல்லை, அவசரம் எண்டா பார்ப்பினம், அது எங்கட நாட்டின்ர நல்ல பழக்கம். எண்டாலும் வெளிநாட்டுப் பிரசையளிட்டைக் கட்டணம் அறவிட அமைச்சின்ர விதி இருக்கு, பெரிய ஒப்பரேசன் எண்டு வரேக்க அது வரலாம். வருசத்தில பாதி இங்கதான் எண்டு முடிவெடுத்தவர் இரட்டைப் பிரசாவுரிமையை எடுக்கிறதுதான் சரியான வேலை. காணி உறுதிக்கும் அது உதவும், உங்கட கேள்வியில காணியும் இருக்கு எண்டபடியாச் சொல்லுறன்.

கடைசியா, அண்ணை வரேக்க ஸ்டென்ட் வைச்ச ரிப்போட், இப்ப போடுற குளுசையளின்ர பேர், ரெண்டையும் பேப்பரில கொண்டு வரட்டும். போனில இருக்கு எண்டு சொல்லுவார். நெஞ்சு நோகேக்க போன் ஆற்ற கையில இருக்குமோ தெரியாது. வீட்டில 1990 நம்பரை எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒட்டி வையுங்கோ, சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

கேள்வி (மல்லாவி): அம்மாவுக்கு 68 வயசு. சலரோகம், பிரெசர் ரெண்டும் இருக்கு. லண்டனில இருக்கிற தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப் போகுது, அம்மா ஆறுமாத விசிற் விசாவில போறா. லண்டனில எல்லாம் பிறீ எண்டு தங்கச்சி சொல்லுறா. உண்மையோ?

பதில்: தங்கச்சிக்குப் பிறீ, அம்மாவுக்கு இல்லை. அங்க என்.எச்.எஸ் எண்ட அரசாங்க வைத்தியம் இலவசம் எண்டது அந்த நாட்டில நிரந்தரமா வசிக்கிற ஆக்களுக்கும் விசாவோட சேர்த்து மருத்துவக் கட்டணம் கட்டின ஆக்களுக்கும். விசிற் விசாவில போற ஆள் அதுக்குள்ள வராது. தங்கச்சி எவ்வளவு வரி கட்டினாலும் அம்மாவுக்கு அதால ஒரு உரிமையும் வராது. இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில மருத்துவ ஒப்பந்தமும் இல்லை.

இங்கிலாந்தில ஜிபியிட்டை, அதாவது குடும்ப டொக்டரிட்டை, போய்க் காட்டுறது ஆருக்கும் காசில்லை, அவசரப் பிரிவில, ஏ அண்ட் இ எண்டுவினம், பார்க்கிறதும் காசில்லை. தங்கச்சி ஒருக்கா அம்மாவைக் காய்ச்சலுக்குக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு காசு கேக்கேல்லைத்தானே எண்டு நினைச்சா அது சரிதான். ஆனா அந்த அவசரப் பிரிவில இருந்து வாட்டுக்கு ஏத்தின நிமிசத்தில இருந்து பில் ஓடத் தொடங்கும், அதுவும் என்.எச்.எஸ்சின்ர சாதாரண விலை இல்லை, அதின்ர 150 வீதம், ஒண்டரை மடங்கு. பக்கவாதம் எண்டு ஒரு கிழமை வாட்டில கிடந்தா பில் ஆயிரக்கணக்கான பவுண்சில வரும். கட்டாமல் வந்திடலாம் எண்டு சிலர் சொல்லிக் குடுக்கினம், அதைக் கேளாதையுங்கோ. 500 பவுண்சுக்கு மேல கடன் ரெண்டு மாதம் நிண்டா உள்துறை அமைச்சுக்கு அறிவிப்பினம், அடுத்தமுறை பேரப்பிள்ளையைப் பார்க்கப் போக விசா கேக்கேக்க அதைக் காட்டியே மறுக்கலாம்.

அப்ப என்ன செய்யிறது? அம்மா வெளிக்கிட முதலே இன்சூரன்ஸ் எடுங்கோ, சலரோகத்தையும் பிரெசரையும் எழுதித்தான் எடுங்கோ. மலிவா இருக்கிறதை எடுத்திட்டு "முன்னமே இருந்த வருத்தங்களுக்கு இல்லை" எண்ட வரியை வாசிக்காமல் விட்டா அந்தக் காசு சும்மா குடுத்த காசு, அம்மாவுக்கு வரக்கூடிய வருத்தமே அதுகளால வாறதுதானே. அடுத்தது மருந்து. மல்லாவி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில மாதா மாதம் தாற அளவுதான் தருவினம், ஆறுமாதத்துக்குத் தா எண்டா தரமாட்டினம். டொக்டரிட்டைச் சொல்லி மருந்தின்ர பேர், அளவு எல்லாம் இங்கிலீசில ஒரு கடிதமா எழுதி வாங்குங்கோ, மிச்ச மாதத்துக்குப் பார்மசியில காசுக்கு வாங்குங்கோ, கையில கொண்டுபோற பாக்குக்குள்ள வையுங்கோ. இன்சுலின் எண்டா இன்னும் கவனம், பெரிய பெட்டிக்குள்ள போட்டு அனுப்பாதையுங்கோ. கிளினிக் கொப்பியைக் கொப்பி அடிச்சும் குடுத்து விடுங்கோ.

இதையே கனடாவுக்குப் போற அம்மா அப்பாமாரும் கேட்டிருக்கினம், சேர்த்துச் சொல்லிவிடுறன். சூப்பர் விசாவில போனா ஒரு தரத்தில 5 வருசம் வரைக்கும் நிக்கலாம், ஆனா ஆகக்குறைஞ்சது 100,000 கனடா டொலருக்கு, ஒரு வருசத்துக்குச் செல்லுபடியான தனியார் இன்சூரன்ஸ் இருந்தாத்தான் விசாவே கிடைக்கும், ஓஹிப் கிடையாது. முதல் வருசம் எடுத்திட்டு ரெண்டாம் வருசம் புதுப்பிக்காமல் விடுற பிள்ளையள் இருக்கினம். அதைச் செய்யாதையுங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன். வருத்தம் வந்தாப் பிறகு "பிள்ளையளுக்குச் செலவு" எண்டு நெஞ்சு நோவை வாய் திறந்து சொல்லாமல் படுத்துக் கிடக்கிறது அந்த அம்மாதான்.

கேள்வி (உருத்திரபுரம்): நான் பிரிட்டிஷ் சிற்றிசன். வேலை முடிஞ்சு நாலு வருசத்துக்கு முன்னம் ஊரோட வந்திட்டன். லண்டன் பென்சன் வருது. இப்ப முழங்காலுக்கு ஒப்பரேசன் வேணும் எண்டு டொக்டர் சொல்லுறார். ரெண்டு மாதம் லண்டன் போய் என்.எச்.எஸ்சில செய்து போட்டு வரலாமோ? பழைய ஜிபியில பேர் இன்னும் இருக்கும்.

பதில்: ஐயா, ஒப்பரேசனுக்கு மட்டும் போய் வாறது இலவசமா நடக்காது. பாஸ்போட் சிவப்போ நீலமோ, இருக்கிற வீடு உருத்திரபுரத்தில எண்டா நீங்கள் அங்க விசிற்றர். மேல மல்லாவி அம்மாவுக்குச் சொன்ன அதே ஒண்டரை மடங்கு பில் உங்களுக்கும். பென்சன் வாறதால விலக்கு வரும் எண்டு நினைக்காதையுங்கோ, ஐரோப்பாவில சில நாடுகளில போய் இருக்கிற பென்சன்காரருக்கு ஒப்பந்தத்தால சலுகை இருக்கு, இலங்கை அந்தப் பட்டியலில இல்லை. அந்தப் பென்சன்கூட வருசா வருசம் கூடாது எண்டது உங்களுக்கே விளங்கியிருக்கும், இங்க இருக்கிற ஆளுக்கு முதல் குடுத்த தொகையிலயே நிப்பாட்டி வைச்சிருப்பினம்.

ஜிபியில பேர் இருக்கிறது உரிமை இல்லை. மூண்டு மாதத்துக்கு மேல நாட்டை விட்டுப் போறவரை அந்த லிஸ்ற்றில இருந்து எடுக்கோணும் எண்டதுதான் அவையின்ர விதி. பழைய அட்ரசைக் காட்டிச் செய்யலாம் எண்டு ஆரும் சொன்னா அது பொய் சொல்லி எடுக்கிறது, இந்த வயசில அந்த வில்லங்கம் வேண்டாம்.

உண்மையிலேயே திரும்பிப் போய் பிள்ளையளோட இருக்கப் போறியள் எண்டா கதை வேற. நிரந்தரமா வசிக்கப் போற சிற்றிசனுக்குப் போய் இறங்கின நாளில இருந்தே உரிமை வரும், காத்திருப்புக் காலம் எண்டு ஒண்டு இல்லை, திரும்பி வந்திட்டன் எண்டதைக் காட்ட வீடு, பொருள் பண்டம் அனுப்பின துண்டு, இப்பிடி ஏதாவது கேப்பினம். ஆனா அங்க முழங்கால் ஒப்பரேசனுக்கு வரிசை நீளம், ரெண்டு மாதத்தில நடக்கிற வேலை இல்லை. இங்கயே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை எலும்பு முறிவுப் பிரிவில ஒருக்காக் காட்டிப் பேசிப் பாருங்கோ, இரட்டைப் பிரசாவுரிமை இல்லாட்டி அதை முதல்ல எடுங்கோ.

கேள்வி (முள்ளியவளை): நாங்கள் தமிழ்நாட்டில முகாமில இருந்து திரும்பி வந்த குடும்பம். அங்க அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுக் காட்டில இருதய ஒப்பரேசன் செய்தது. அந்தக் காட் இன்னும் கையில இருக்கு, செக்கப்புக்கு அங்க போகலாமோ? பிள்ளையள் ரெண்டும் அங்க பிறந்ததுகள், இங்க ஆஸ்பத்திரியில ஏதும் பிரச்சினை வருமோ?

பதில்: தங்கச்சி, வந்து சேர்ந்தியள், அதுவே சந்தோசம். அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டா திரும்பி வந்த கனபேர் அதைப் பத்திரப்படுத்தி வைச்சுக்கொண்டு நம்பி இருக்கினம்.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில சாதாரணமா வருசத்துக்கு 1,20,000 இந்திய ரூபாவுக்குள்ள வருமானம் உள்ள குடும்பத்தைத்தான் சேர்ப்பினம். முகாமில இருக்கிற இலங்கைத் தமிழருக்கு அந்த வருமான எல்லையே பார்க்காமல் சேர்த்தவை. குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். அகதியா வந்த சனத்துக்கு ஒரு அரசாங்கம் இவ்வளவு செய்தது பெரிய விசயம், அதால எத்தினை எங்கட உயிர் தப்பியிருக்கு. ஆனா அந்த உரிமை முகாம்ப் பதிவோட ஒட்டினது. நீங்கள் பதிவை வெட்டி, வெளியேற அனுமதி எடுத்து, பிளேன் ஏறின நாளோட அது முடிஞ்சுது. காட்டில பேர் இருந்தாலும் இப்ப அங்க போனா நீங்கள் இலங்கைப் பாஸ்போட்டில வந்த வெளிநாட்டு நோயாளி, வைத்தியத்துக்கு எண்டு மெடிக்கல் விசா எடுத்து, காசு கட்டித்தான் பார்க்கோணும். விசிற் விசாவில போய்ப் பெரிய வைத்தியம் செய்யிற யோசனையை விடுங்கோ.

ஆனா அந்த ஆஸ்பத்திரி தந்த டிஸ்சார்ஜ் சமறி, எக்கோ ரிப்போட், என்ன வால்வு வைச்சது, என்ன குளுசை எண்ட பேப்பர் எல்லாம் தங்கம். அதுகளை எடுத்துக்கொண்டு மாஞ்சோலையில இருக்கிற முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் மெடிக்கல் கிளினிக்கில அம்மாவைப் பதியுங்கோ, அங்க இருந்து யாழ்ப்பாணம் இருதயப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தருவினம். அம்மா இலங்கையில பிறந்த இலங்கைப் பிரசை, எத்தினை வருசம் வெளியில இருந்திருந்தாலும் இங்க வந்து இறங்கின நாளில இருந்து அவவுக்கு இலவசம். 153 நாள், மூண்டு மாதம், சந்தா எண்டு எங்கட நாட்டில ஒண்டும் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்கிற குளுசை போடுறா எண்டா இடையில ஒரு நாளும் விடப்படாது, முகாமில தந்த மருந்து முடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காமல் இந்தக் கிழமையே போங்கோ.

பிள்ளையள் விசயம். காய்ச்சல், தடுப்பூசி எண்டு போனா ஒருத்தரும் திருப்பி அனுப்பமாட்டினம், உங்கட பகுதிக் குடும்பநல மாதுவிட்டைச் சொல்லி இந்தியாவில போட்ட ஊசிக் காட்டைக் காட்டி மிச்சத்தைப் போடுவியுங்கோ. ஆனா பிள்ளையள் இந்தியாவில பிறந்தபடியா அதுகளின்ர இலங்கைப் பிரசாவுரிமை தன்ர பாட்டில வராது, அதைப் பதிஞ்சு சான்றிதழ் எடுக்கோணும். சென்னையில துணைத் தூதரகத்தில முன்னமே பதிஞ்சு எடுத்திருந்தா அந்தப் பேப்பரைக் கவனமா வையுங்கோ. எடுக்கேல்லை எண்டா இந்தியப் பிறப்புச் சான்றிதழ், உங்கட கலியாணச் சான்றிதழ், உங்கட பிறப்புச் சான்றிதழ் மூண்டையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில போய்க் கேளுங்கோ, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு எப்பிடி அனுப்பிறது எண்டு சொல்லுவினம். இண்டைக்குப் பிள்ளை சின்னன், ஒரு குறையும் தெரியாது. 15 வயசில அடையாள அட்டை எடுக்கேக்கயும் நாளைக்கு ஜனாதிபதி நிதியத்தில பெரிய வைத்தியத்துக்கு உதவி கேக்கேக்கயும் அந்தத் துண்டு இல்லாட்டி பிள்ளை அலையும்.

கேள்வி (விசுவமடு): மனிசன் துபாயில கட்டிட வேலை. சாரத்தில இருந்து விழுந்து கால் முறிஞ்சிட்டுது. கொம்பனி இன்சூரன்ஸ் எண்டு சம்பளத்தில கழிக்கினமாம். இங்க எனக்கும் பிள்ளையளுக்கும் அந்த இன்சூரன்ஸ் வருமோ?

பதில்: தங்கச்சி, முதல்ல சம்பளத்தில கழிக்கிறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ. துபாயில 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளிக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கிறது முதலாளி, அதின்ர காசை ஆளின்ர சம்பளத்தில வெட்டேலாது. ஷார்ஜா, அஜ்மான் பக்கம் இருக்கிற ஆக்களுக்கும் 2025 ஜனவரியில இருந்து விசா புதுப்பிக்க முதலாளி இன்சூரன்ஸ் காட்டோணும். வேலையில நடந்த விபத்து எண்டா அதுக்கு மேலயும் உரிமை இருக்கு, வைத்தியச் செலவு முழுக்க முதலாளி பொறுப்பு, ஆறு மாதம் வரைக்கும் முழுச் சம்பளம், பிறகும் ஏலாமல் இருந்தா அடுத்த ஆறு மாதத்துக்கு அரைச் சம்பளம். விபத்து நடந்த இடமும் திகதியும் ஆஸ்பத்திரி ரிப்போட்டில எழுதியிருக்கோ எண்டு பார்க்கச் சொல்லுங்கோ. "றூமில விழுந்தவர்" எண்டு எழுதினா எல்லாம் போச்சு.

அந்த இன்சூரன்ஸ் அவருக்கு மட்டும்தான், அந்த நாட்டுக்குள்ள மட்டும்தான். உங்களுக்கும் பிள்ளையளுக்கும் தர்மபுரம் ஆஸ்பத்திரி, கிளிநொச்சி ஆஸ்பத்திரிதான், அது இலவசம்தானே.

இனி முக்கியமானது. அவர் வெளிக்கிடேக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சவரோ? பதிஞ்சிருந்தா அந்தப் பதிவோட ஒரு காப்புறுதியும் சேர்ந்து வருது, மரணம், நிரந்தர ஊனம் மாதிரியானதுகளுக்கு. பதிவு ரெண்டு வருசத்துக்குத்தான், லீவில வந்து போகேக்க புதுப்பிச்சிருக்கோணும். 1989க்கு அடிச்சு அவரின்ர பாஸ்போட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கோ. விசிற் விசாவில போய் வேலை எடுத்த ஆக்களுக்கு முதலாளியின்ர இன்சூரன்சும் இல்லை, பணியகமும் இல்லை, விழுந்தா விழுந்ததுதான். அப்பிடிப் போக நினைச்சுக்கொண்டிருக்கிற தம்பிமார் இதை வாசிச்சா தயவுசெய்து நில்லுங்கோ.

கேள்வி (கனகராயன்குளம்): தம்பி பிரான்சுக்குப் போய் அசைலம் அடிச்சிருக்கிறான். வயித்து நோ. பேப்பர் இல்லாமல் ஆஸ்பத்திரி போனா பிடிச்சு அனுப்பிடுவாங்கள் எண்டு பயப்பிடுறான்.

பதில்: பயப்பிட வேண்டாம் எண்டு இண்டைக்கே போன் அடிச்சுச் சொல்லுங்கோ, ஆஸ்பத்திரி பொலிசுக்குச் சொல்லுறேல்லை. அசைலம் கேட்ட வளந்த ஆளுக்கு நாட்டுக்குள்ள மூண்டு மாதம் நிண்ட பிறகுதான் அரசாங்க மருத்துவக் காப்பு வரும், 2020இல இருந்து அப்பிடி மாத்தினவை, பிள்ளையளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அந்த மூண்டு மாதத்துக்குள்ளயும் அவசரம் எண்டா அரசாங்க ஆஸ்பத்திரியில பார்ப்பினம், காப்பு இல்லாத ஆக்களுக்கெண்டே பெரிய ஆஸ்பத்திரியளில பாஸ் எண்டு ஒரு பிரிவு இருக்கு, சமூக சேவை ஆக்களும் அங்க இருப்பினம். அசைலம் கேட்ட அத்தாட்சிப் பேப்பரைக் கொண்டுபோகட்டும்.

கேஸ் மறுபட்டு விசா இல்லாமல் நிக்கவேண்டி வந்தாலும் வழி அடைபடேல்லை. ஆஎம்மே எண்டு ஒரு உதவி இருக்கு, பேப்பர் இல்லாமல் மூண்டு மாதத்துக்கு மேல நிக்கிற, வருமானம் குறைஞ்ச ஆளுக்கு அது கிடைக்கும், வருசா வருசம் புதுப்பிக்கோணும். அதுக்கு அங்க எப்ப இருந்து நிக்கிறன் எண்டதைக் காட்டத் துண்டுகள் வேணும், அதால தம்பி ஒரு பேப்பரையும் எறியாமல் ஒரு பைலில போட்டு வைக்கட்டும், பஸ் காட்டின்ர ரசீது எண்டாலும் பரவாயில்லை. வயித்து நோவைக் குளுசையில அமத்திக்கொண்டு வேலைக்குப் போறான் எண்டுதான் எனக்குப் படுது. குடல்வால் எண்டா அது தள்ளிப்போடுற வருத்தம் இல்லை.

கேள்வி (நெடுங்கேணி): மோள் லண்டனுக்கு ஒரு வருச மாஸ்டர்ஸ் படிக்கப் போறாள். விசாவோட மருத்துவக் காசு எண்டு ஒண்டு கேக்குது, ஏஜென்சிக்காரர் தாங்கள் கட்டுறம் எண்டு பெரிய தொகை சொல்லுறார்.

பதில்: அந்தக் காசை அரசாங்க இணையத்தளத்தில நீங்களே நேரடியாக் கட்டலாம். ஸ்ருடன்ட் விசாவுக்கு வருசத்துக்கு 776 பவுண்ஸ், மற்ற அனேகமான விசாக்களுக்கு 1,035. ஒரு வருசப் படிப்புக்கு விசா முன்பின் மாதங்களோட ஒரு வருசத்துக்கு மேல வரும், மேலதிகமா வாறது ஆறுமாதத்துக்குள்ள எண்டா அரை வருசக் காசு, அப்ப மொத்தம் 1,164 பவுண்ஸ். ஏஜென்சி அதுக்கு மேல சொன்னா என்னத்துக்கு எண்டு எழுத்தில கேளுங்கோ. விசா மறுபட்டா அந்தக் காசு திரும்பி வரும், அது உங்கட கணக்குக்கு வாறமாதிரி உங்கட காட்டிலயே கட்டுறது நல்லம். கட்டினா என்.எச்.எஸ் ஆஸ்பத்திரி அவளுக்கு இலவசம், பல்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் மட்டும் அங்கத்தைய ஆக்களைப் போலக் காசு. போன கையோட ஜிபியில பதியச் சொல்லுங்கோ, வருத்தம் வரும்வரைக்கும் இருக்காமல்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): நான் சவூதியிலயும் கட்டாரிலயும் வேலை செய்திட்டு வந்தனான். வருமான வரி எண்டு இந்த நாட்டுக்கு ஒரு சதம் கட்டேல்லை. இப்ப கிட்னி பழுதாப் போச்சு எண்டு சொல்லுறாங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில போய் நிக்க வெக்கமா இருக்கு, உரிமை இருக்கோ எண்டும் தெரியாது. காணியை விற்று பிரைவேட்டில பார்ப்பமோ எண்டு யோசிக்கிறன்.

பதில்: அண்ணை, காணியை விக்காதையுங்கோ. உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். வெயிலுக்குள்ள தண்ணி குடிக்காமல் உழைச்சு அனுப்பின ஆள் உரிமை இருக்கோ எண்டு கேக்கிறதைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

இங்க அரசாங்க வைத்தியத்துக்கு வருமான வரித் துண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, பிரசை எண்டாப் போதும். நீங்கள் வரி கட்டேல்லை எண்டதும் சரியில்லை. நீங்கள் அனுப்பின காசில வீட்டுக்காரர் வாங்கின சீமெந்து, ஓடு, பிள்ளையளின்ர உடுப்பு எல்லாத்திலயும் வற் வரி போயிருக்கு, 2024 ஜனவரியில இருந்து அது 18 வீதம். நீங்கள் அனுப்பின டொலரும் றியாலும் இந்த நாட்டுக்குள்ள வந்துதான் மருந்து இறக்குமதிக்கே காசு இருந்தது, 2022இல டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரியில மருந்து இல்லாமல் போனதை எல்லாரும் கண்டது. பிரைவேட்டில டயலிசிஸ் எண்டு தொடங்கினா அது ஒருநாள் செலவு இல்லை, கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம், காணிக் காசு எவ்வளவு காலம் தாங்கும்?

கிளினிக்குக்குப் போகேக்க கட்டாரில வெளிக்கிட முதல் எடுத்த இரத்தப் பரிசோதனை ஏதும் இருந்தா கொண்டுபோங்கோ, கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியாட்டினின் அளவு அப்ப எவ்வளவு இப்ப எவ்வளவு எண்டு டொக்டருக்குத் தெரிஞ்சா வருத்தம் எவ்வளவு வேகமாப் போகுது எண்டு விளங்கும். நோவுக்குக் கடையில வாங்கிப் போடுற குளுசையளை இண்டையோட நிப்பாட்டுங்கோ, அதுகளில சிலது கிட்னியை இன்னும் கெடுக்கும். ஊர் மருந்து ஏதும் குடிச்சா அதையும் டொக்டருக்கு ஒளிக்காமல் சொல்லுங்கோ.

வருமானம் குறைஞ்ச சிறுநீரக நோயாளியளுக்கு மாதாந்தக் கொடுப்பனவு ஒண்டும் இருக்கு, அஸ்வெசும எண்ட அரசாங்க நலன்புரித் திட்டத்தோட குடுக்கிறது. கிளினிக்கில டொக்டரின்ர உறுதிப்படுத்தின கடிதத்தை எடுத்து, கிராம சேவையாளரிட்டைக் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் பிரதியோட புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்தில குடுங்கோ. மாற்றுச் சிறுநீரகம் எண்டு கதை வந்தா ஜனாதிபதி நிதியத்துக்கும் இப்ப அதே பிரதேச செயலகத்தாலதான் விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. எழுதுறது கஸ்ரம் எண்டா பிள்ளையள் ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, விண்ணப்பத்தின்ர ஒரு பிரதியைக் கட்டாயம் கையில வைச்சிருங்கோ.